சுவரில் தொங்கும் சான்று

வைத்தியர் ஒருவர்முன் கையை நீட்டும்பொழுது நாம் எதனை நம்பி நீட்டுகின்றோம் என்னும் வினா, நோயுற்ற வேளையில் எவர்க்கும் எழுவதில்லை. நோவு மிகுந்தவன் ஆராய்ச்சி செய்வதில்லை. நோயற்ற ஒருவர் வைத்தியரை நாடும்பொழுதே அவ்வினா கூர்மை பெறுகின்றது. முகச் சுருக்கம் நீக்குதல், தழும்பு மறைத்தல், மயிர் நாட்டுதல், நிறத்தை வெளுப்பாக்குதல் எனப் பலவாறு விரிந்து, அழகியல் மருத்துவம் என்ற பெயரோடு இன்று யாழ்ப்பாண நகரத்தின் விளம்பரப் பலகைகளிலும் இடம்பெற்றுவிட்ட துறை அத்தகையது. அங்குச் செல்வோர் பெரும்பாலும் நோயாளர் அல்லர். தம் காலால் நடந்து, தம் பணத்தைக் கொடுத்து, நலமாயிருந்த தோலை மற்றொருவர் கையில் ஒப்படைப்போர். அந்த மற்றொருவர் அதற்குரிய தகுதியை எவ்வாறு பெறுகின்றார், அத்தகுதியை அவர்க்கு வழங்குவோர் யாவர், வழங்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. சில காலத்துக்கு முன், என்னிடம் மெய்யியல் பயின்ற மாணவி ஒருத்தி, திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், முகத்தைத் துப்பட்டாவாற் பாதி மறைத்தபடி என் அறைக்கு வந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டிலே, புகைப்படம் பார்த்தே பேச்சு முற்றாகியிருந்தது. நிறம் போதாது என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். ஆயினும் வீட்டில் எல்லோர்க்கும் அது கேட்டது. ஓரிடத்தில் முகத்துக்கு ஏதோ பூசி, ஒளி பாய்ச்சி, வீட்டில் இராவிலே பூசுமாறு பெயர் ஒட்டாத சிமிழ் ஒன்றையும் கொடுத்திருக்கின்றார்கள். மூன்று வாரத்திற் கன்னம் வெந்து கறுத்துவிட்டது. அந்நேரத்திற் கேட்டிருக்கக் கூடாத கேள்வியை நான் கேட்டேன்: "அவர் டொக்டர்தானோ எண்டு பார்க்கேல்லையா, பிள்ளை?" அவள் சொன்ன மறுமொழி இன்றும் என்னைவிட்டு அகலவில்லை. "சுவர் முழுக்கச் சேட்டிபிக்கற் தொங்கினது, சேர். பொன் முத்திரையும் இருந்தது."

அவள் பார்த்தாள்; பார்த்ததை நம்பினாள். சான்றிதழ் என்ற பொருள் எதற்காக உலகில் உள்ளதோ, அதற்காகவே அதனைப் பயன்படுத்தினாள். ஆராயாமற் போனாள் என்று அவளைக் குறை கூறுதல் எளிது. ஆயின் அவ்விடத்தில் நின்ற எவரும் வேறு எதனை ஆராய்ந்திருக்க இயலும்?

சான்று என்னும் பொருளை நம் மெய்யியல் மரபு இலகுவில் விட்டதில்லை. சைவசித்தாந்த அளவையியல் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினை முதன்மை அளவைகளாக ஏற்பதை மாணவர் அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார் அளவை பற்றிய ஆராய்ச்சியுடனேயே சுபக்கத்தைத் தொடங்குகின்றது. ஒரு வைத்தியரின் கைத்திறனை இவற்றுள் எதனால் அறிவது? காட்சியால் அறிய இயலாது. கண்டறியும்பொழுது காரியம் முடிந்துவிடும். கருதலும் உதவாது. புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டு எனலாம். வெள்ளை அங்கியும் குளிரூட்டிய அறையும் உள்ளவிடத்து வித்தையும் உண்டு என்பது வியாப்தியில்லாத அனுமானம். எஞ்சுவது உரை ஒன்றே. "இவர் கற்றவர், நாம் சோதித்தோம், நீர் நம்பலாம்" என மூன்றாமவர் ஒருவர் சொல்லும் சொல்லே சான்றிதழ். அது கடுதாசியில் அச்சிட்ட உரையளவை.

உரை எப்பொழுது பிரமாணமாகும் என்பதற்கும் நம் முன்னோர் விடை கூறியுள்ளனர். உரைப்பவன் ஆப்தனாயிருத்தல் வேண்டும். நியாய நூலார் ஆப்தனுக்குக் கூறும் இலக்கணத்தைச் சுருக்கினால் இரண்டு நிபந்தனைகள் கிடைக்கும்: கூறும் பொருளை அவன் நேராக அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே கூறும் விருப்பம் உடையனாதல். இவ்விரண்டினுள் ஒன்று குறைந்தாலும் உரை வெறும் ஓசையே. இந்த அளவுகோலை மாணவி கண்ட சுவரிலே வைத்துப் பார்ப்போம்.

இலங்கையில் ஒருவர் மருத்துவராகும் வழி நெடியது. மருத்துவ பீடத்திற் பட்டம், பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன் பின்பே மருத்துவச் சபையின் முழுப்பதிவு. தோலையும் முகத்தையும் விசேடமாகக் கையாள விரும்புபவர், 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாகத் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிலோ மேலும் பல ஆண்டுகள் பயின்று, பரீட்சைகளுக்குத் தோற்றி, வெளிநாட்டு வைத்தியசாலையிலும் பணியாற்றிய பின்னரே விசேட மருத்துவர் என்னும் பெயரைப் பெறுகின்றார். இவ்வழியிற் சான்று கூறுவோர் சோதிக்கப்படுபவரின் கையை ஆண்டுக்கணக்கிற் கண்டவர்கள். அவர் தேறினாலும் தவறினாலும் அவர்களுடைய வருவாயில் மாற்றமில்லை. ஆகவே ஆப்தருக்குரிய இரண்டு நிபந்தனைகளும் பெருமளவு நிறைவேறுகின்றன.

மற்றொரு வழியும் உண்டு. ஹோட்டல் மண்டபம் ஒன்றில் இரண்டு நாளோ மூன்று நாளோ நடக்கும் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தி, ஒருவர் மற்றொருவர் முகத்தில் ஊசி ஏற்றுவதைக் கண்டு, மாலையிற் சட்டமிட்ட பத்திரத்துடன் திரும்புவது அவ்வழி. அப்பத்திரம் பொய் கூறுவதில்லை என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னார் இன்ன நாளில் இங்கு வந்திருந்தார் என்று மட்டுமே அது கூறுகின்றது. ஆயினும் சுவரிலேறிய பின் அதற்கு வேறொரு பொருள் வந்துவிடுகின்றது. அமெரிக்காவில் விசேட மருத்துவர்க்குச் சான்று வழங்கும் 24 சபைகள் ஒரு பொது அமைப்பின்கீழ் உள்ளன. தோல் மருத்துவத்துக்கும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கும் அவற்றுள் சபைகள் உண்டு. அழகியல் மருத்துவம் என்ற பெயரில் எதுவும் இல்லை. ஆயினும் சபை, அகாதமி, சர்வதேசம் ஆகிய சொற்களைப் பெயரிற் சூடிய தனியார் அமைப்புகள் அத்துறையிற் பட்டயம் வழங்கிவருகின்றன. அவற்றுட் சில கண்டிப்பான பரீட்சை வைத்தலும் கூடும். மாணவியொருத்தி அவற்றை எவ்வாறு பிரித்தறிவாள்? பயில வருபவர் தொகையில் தம் வருமானம் தங்கியுள்ள ஒருவர் அப்பயின்றவரைப் பற்றிக் கூறும் நற்சொல், ஆப்தவாக்கியத்தின் இரண்டாவது நிபந்தனையில் இடறிவிடுகின்றது என்பது மட்டும் தெளிவு. 2022இல் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிற் பார்த்ததும் யூரியூப்பிற் பார்த்ததும் மயிர் நாட்டுதல் முதலிய அழகியற் சிகிச்சைகளைத் தொடங்குவதற்குப் போதிய பயிற்சி ஆகா என்று எழுத்திற் சொல்ல நேர்ந்தது. சொல்லாமலே விளங்கவேண்டிய ஒன்றை எழுதிவைக்க நேர்ந்தமையே நிலைமையைக் காட்டும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் வினா மிக எளிதாகிவிடும்: அரசும் பல்கலைக்கழகமும் வழங்கும் சான்று நல்லது, ஏனையது தீயது என்று கூறி எழுந்து போகலாம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து இயற்றுபவன் என்னும் அந்நான்கினுள் சான்று கூறுபவனுக்கு இடமில்லை. அக்காலத்துச் சமுதாயத்தில் ஊரே சான்று கூறியது போலும். யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியர்களுக்கும் நெடுங்காலம் அவ்வாறே. இன்னாருடைய தகப்பன் இன்னாருடைய காலைச் சேர்த்துவைத்தார், அந்தக் கால் இன்றும் தோட்டத்தில் நடக்கின்றது என்ற நினைவே அவர்தம் பதிவேடு.

1847இல் இங்கு வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்ட அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை எண்ணிப் பாருங்கள். நியூயோர்க்கில் 1845இற் பட்டம் பெற்ற அவர், இக்குடாநாட்டில் அறுபதின்மருக்கு மேற்பட்டோரை மேலைத்தேய மருத்துவத்திற் பயிற்றினார். 1864இலிருந்து தமிழிலேயே பயிற்றினார். இரணவைத்தியமும் மனுஷ அங்காதிபாதமும் வேறு பல நூல்களும் அதன்பொருட்டுத் தமிழில் வந்தன. ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர், தமிழிற் கற்றவர் ஊரோடு நிற்பர் என்பது அவர் கொண்ட காரணங்களுள் ஒன்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலேதான் திறக்கப்பட்டது. ஆகவே கிறீனின் முதல் மாணவர்க்குப் பிணை நின்றது எந்தச் சபையும் அன்று. கிறீன் என்னும் தனி மனிதரும் அவருடைய மேசையருகே கழிந்த ஆண்டுகளுமே. இன்றைய சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் எவரோ என்று கேட்டால் விடை சங்கடமானது. மானிப்பாயிற் கண் திறக்கப்பட்டவர்களுக்கு அச்சங்கடம் இருந்திராது.

இதனிலும் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்றை அழகியல் மருத்துவத்தின் வரலாறே தருகின்றது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டியோட்டிய கவாஸ்ஜி என்பவனது மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டனர். பூனாவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவனுக்குப் புதிய மூக்கொன்றை அமைத்தார். இச்செய்தி 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அதனைக் கற்று, பிணங்களிற் பழகி, 1814இல் ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சையாளர் அம்முறையைச் செய்து காட்டினார். சுசுருத சங்கிதை கூறும் வித்தையின் எச்சம் அது. ஐரோப்பிய மருத்துவம் இம்மூக்கைக் கற்றது பட்டதாரி ஒருவரிடமன்று; செங்கல் அறுப்பவர் ஒருவரிடம். அவர்க்குச் சான்று எங்கிருந்தது? அவ்வூர்த் தெருவில் நடந்த மூக்குகளில் இருந்தது. முகத்தில் செய்த வேலை ஒளிக்க இயலாத வேலை. காண்பவர் அனைவரும் பரீட்சகர்.

அவ்வாறாயின், பதிவும் சபையும் எதற்கு? தொழிலைச் செய்வோர் தமக்குள் வேலி கட்டிக்கொண்டு விலையை உயர்த்தும் தந்திரமே மருத்துவ அனுமதி என்று மில்ரன் பிரீட்மன் 1962இல் வாதாடினார். இடதுசாரி நண்பர்கள் வெறுக்கும் அவரோடு, 1975இல் மருத்துவத் துறையையே நோய்க்காரணி எனச் சாடிய இவான் இல்லிச்சும் இவ்விடத்தில் ஏறத்தாழ உடன்படுவது வேடிக்கை. அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இந்நாட்டிலேயே, மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியின் பட்டதாரிகளைப் பதிவதா என்ற வழக்கிலே, பதியுமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 2018இல் அதனை உறுதிப்படுத்தியது. இடையில் அரச மருத்துவ பீடங்களின் மாணவர் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தனர். தரம் பற்றிய கவலை எவ்வளவு, வேலி பற்றிய கவலை எவ்வளவு என அன்று பிரித்தறிதல் கடினமாயிருந்தது. ஒன்று மட்டும் என் கவனத்தை ஈர்த்தது. ஒருவர் முதலில் மருத்துவராவது பற்றி நாடே கிளர்ந்தெழுந்தது. அவ்வாறு ஆனவர், மறுவாரம் இரண்டு நாட் பயிற்சியுடன் கற்காத துறையொன்றினுட் புகுவது பற்றி எவரும் ஒரு பதாகையும் தூக்கவில்லை.

எனினும் நான் பதிவேட்டின் பக்கமே நிற்கின்றேன். அதற்கு நான் காட்டும் காரணம் அறிவு பற்றியதன்று. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகின்றது. தகாதது செய்தால் அதே பெயரை நீக்கவும் வழி வைத்துள்ளது. 1961இன் ஆயுர்வேதச் சட்டம் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களையும் பரம்பரை வைத்தியர்களையும் பதிவுக்கு உட்படுத்தியபொழுது செய்ததும் இதுவே. அதாவது பதிவு என்பது மருத்துவரின் உடைமை அன்று. சமுதாயம் அவர்க்குக் கொடுத்து, வேண்டின் திரும்பப் பெறும் கடன். ஆப்தனுக்கு நியாய நூலார் கூறிய இரண்டு நிபந்தனைகளோடு இக்காலத்துக்கு மூன்றாவது ஒன்றைச் சேர்க்கத் துணிகின்றேன்: தன் சொல் பிழைத்தால் அதனை மீட்டுக்கொள்ளும் வல்லமையும் கடமையும் அவனுக்கு இருத்தல் வேண்டும். ஹோட்டல் மண்டபத்துப் பத்திரத்தை எவரும் திரும்பக் கேட்பதில்லை. அதனைப் பெற்றவர் நாளை ஆயிரம் முகங்களைக் கெடுத்தாலும் அன்று அவர் அங்கு வந்திருந்தார் என்பது மாறாத உண்மை. மீட்க இயலாத சான்று எவரையும் பிணைப்பதில்லை. ஊராரின் நினைவோ அன்றன்று மீட்கப்பட்டது. பிசகாகக் கட்டியவனிடம் மறுநாள் எவரும் போகவில்லை. கிறீனுக்கும் செங்கல் அறுப்பவருக்கும் வாய்த்த சான்று இவ்வகையில் மீட்கத்தக்க சான்றே.

இனி, அழகுக் கலையை மருத்துவத்தோடு சேர்ப்பதே பிழை என்பாருக்கும் ஒரு சொல். பிளேட்டோ கோர்ஜியாஸ் என்னும் உரையாடலில் அழகுபடுத்தற் கலையை உடற்பயிற்சிக் கலையின் போலி என்றும், சமையற் கலையை மருத்துவத்தின் போலி என்றும் வகுக்கின்றார். சிறுவர் நடுவராயிருக்கும் மன்றில் மருத்துவனும் பலகாரம் செய்பவனும் வழக்காடினால் மருத்துவன் தோற்பான் என்பது அவர் காட்டும் உவமை. அழகியல் மருத்துவம் என்ற சொற்றொடரையே அவர் முரண் என்று தள்ளியிருப்பார். மெய்யியல் மாணவர் பலர் இதனைக் கேட்டதும் மகிழ்ந்து தலையசைப்பதைக் கண்டிருக்கின்றேன். முகம் சிதைந்த ஒருவரோடு அவர்கள் பழகியதில்லை என்றே அப்பொழுது எனக்குத் தோன்றும்.

முதல் உலகப் போரில் முகம் சிதறிய வீரர்க்கு 1917 முதல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஹரோல்ட் கில்லிஸ் செய்த சத்திரசிகிச்சைகள் உயிர் காப்பதற்குரியன அல்ல. அவர்கள் ஏற்கெனவே பிழைத்துவிட்டவர்கள். தெருவில் நடப்பதற்குரியன. கொல்லிமலையிற் பிறந்து, 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட், தொழுநோய் தீர்ந்தவர்களுக்குக் கைகளைச் சீராக்கியதோடு நின்றுவிடவில்லை; மூக்கும் புருவமும் அமைத்தார். கிருமி நீங்கிய பின்னும் புருவமற்ற முகத்தைக் கண்டு எவரும் வேலை கொடுக்கவில்லை என்பதே காரணம். எறிகணைத் தழும்பையும் தீக்காயத்தின் சுருக்கத்தையும் முப்பதாண்டு சுமந்த இக்குடாநாட்டிலே, அழகு நோயற்றவரின் ஆடம்பரம் என்று கூற எனக்கு நா எழவில்லை. முகம் மனிதனுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள வாசல். அதனைத் திருத்துதல் மருத்துவமாகலாம். ஆகவேதான் அதனைத் தொடுபவர்மீது மருத்துவர்க்குரிய முழுக் கட்டுப்பாடும் இருக்கவேண்டும் என்கின்றேன். இழிந்த தொழில் என ஒதுக்கியவர்களே அதனைக் கட்டுப்பாடின்றி விட்டவர்களும் ஆவர்.

அக்கட்டுப்பாடு எதனைச் சோதிக்கவேண்டும்? ஊசி ஏற்றத் தெரிகின்றதா என்பதனை என்று பலர் எண்ணுவர். பொட்டொக்ஸ் என்று வழங்கும் நஞ்சுமருந்து முதலில் மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் பயன்பட்டது. 1989இல் அமெரிக்க அரசு அதற்கே அனுமதி கொடுத்தது. வன்கூவரில் கண் மருத்துவரான ஜீன் கரதர்சும் தோல் மருத்துவரான அவர் கணவரும், இமைக்கு மருந்தேற்றிய நோயாளியின் புருவ மடிப்பு மறைந்ததைக் கவனித்தனர். 2002இல் அப்பயனுக்கும் அனுமதி வந்தது. ஏற்றும் செயல் சில நிமிடங்களுக்குரியது. கற்பதற்கும் நீண்ட காலம் வேண்டியதில்லை. ஆயின் தோலடியை நிரப்பும் பசையை மூக்கருகிலோ புருவ நடுவிலோ ஏற்றுகையில் அது நாடியொன்றினுட் புகுந்து கண்ணுக்குச் செல்லும் குருதியை அடைத்துவிடலாம். அக்கண் நிலையாக ஒளியிழக்கும். நிகழ்வது அரிது, நிகழ்ந்தால் செயற்பட உள்ள நேரம் நிமிடக் கணக்கு. அந்நிமிடங்களில் தோலின் வெளிறலை இனங்காணவும், பசையைக் கரைக்கும் மருந்தை எங்கே எவ்வளவு இடுவதென அறியவும், கண் மருத்துவரிடம் உடன் சேர்ப்பிக்கவும் ஒருவர் வல்லவரா என்பதே உண்மையான பரீட்சை. சரியாகச் செய்வதை இரண்டு நாளிற் பார்க்கலாம். பிழைத்ததைத் திருத்துவது, பிழைகள் வந்து சேரும் வைத்தியசாலை வாட்டில் நெடுநாள் நின்றால் மட்டுமே கைவரும்.

சில நாடுகள் இதனை உணர்ந்து தடுமாறியேனும் வழி தேடியுள்ளன. சிங்கப்பூர் 2008இல் அழகியற் சிகிச்சைகளை ஆதாரமுள்ளவை, ஆதாரம் குறைந்தவை என இரு பட்டியலாக்கி, நிறத்தை வெளுப்பாக்கும் ஊசியை இரண்டாவதில் வைத்தது. மலேசியா 2013இன் வழிகாட்டு நெறிகளின்படி, பொது மருத்துவர் இத்துறையிற் புகத் தனி அங்கீகாரக் கடிதம் பெறவேண்டும் என்றது. இங்கிலாந்தின் நிலைமை வியப்புக்குரியது. தோலடிப் பசை ஏற்றிக்கொள்பவர்க்குச் சட்டத்திலுள்ள பாதுகாப்பு பற்துலக்கும் தூரிகை வாங்குபவர்க்குள்ளதைவிட மேலானதன்று என அரசு நியமித்த மீளாய்வுக் குழுவே 2013இற் கூறியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்க்கு அழகின்பொருட்டு இவற்றை ஏற்றுவது 2021இல் தடைசெய்யப்பட்டது. அனுமதிமுறை ஒன்றை ஏற்படுத்தும் அதிகாரம் 2022இன் சட்டத்திலேயே அரசுக்குக் கிடைத்தது. அங்கு மருத்துவர் அல்லாதவரும் ஊசி ஏற்றிவந்தனர் என்பதை நம்மூரில் இங்கிலாந்தைத் தெய்வமாக்குவோர் அறிதல் நன்று.

இவை யாவும் நம் நாட்டிலும் வந்துவிட்டன என்று கொள்வோம். அப்பொழுதும் ஒரு முடிச்சு அவிழாதிருக்கும். மீட்கத்தக்க சான்றே சான்று என்றேன். மீட்பதற்கு முறைப்பாடு வேண்டும். குடல்வளரியை வெட்டியவர் தவறிழைத்தால் நோயாளியின் உறவினர் வைத்தியசாலை வாயிலிற் கூடிநிற்பர். நிறம் மாற்றப் போய் முகம் வெந்த பெண்ணின் உறவினர் கதவைச் சாத்திக்கொள்வர். செங்கல் அறுப்பவர் அமைத்த மூக்கை ஊரே பார்த்தது. இன்று செய்துகொண்டதே தெரியாதிருத்தல்தான் சிகிச்சையின் வெற்றி. தோல்வியும் அவ்வாறே மறைக்கப்படுகின்றது. நாணம் உள்ளவிடத்தில் முறைப்பாடு பிறப்பதில்லை. முறைப்பாடு பிறவாதவிடத்தில் பதிவேடு கண்மூடியிருக்கும். எனவே பின்னர்த் திருத்தலாம் என்ற நம்பிக்கை பலிக்காத இத்துறையில், முன்னர்ச் சோதித்தல் ஏனைய துறைகளினும் கடுமையாயிருத்தல் வேண்டும். நடைமுறையோ நேர்மாறானது: உயிருக்கு ஊறில்லாத வேலை என்று கருதி, இங்கேயே சோதனையை மிகவும் தளர்த்தியிருக்கின்றோம்.

இன்னொன்றும் உண்டு. எத்துணைச் சிறந்த சான்றும் "இவர்க்குச் செய்யத் தெரியும்" என்று மட்டுமே கூறும். செய்யலாமா என்பதைக் கூறாது. பாதரசம் தோலின் கருநிறத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் அழிக்கும். அது சேர்த்த வெளுப்பாக்கும் பூச்சுக்களை உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையின்கீழ்த் தடைசெய்துள்ளன. ஆகவே பாதரசம் கொடுப்பவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆயின் மிகக் கற்ற, பதிவு பெற்ற, கைபிசகாத மருத்துவர் ஒருவர் எவ்வித ஊறுமின்றி அம்மாணவியின் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கியிருந்தால்? அவள் என் அறைக்கு வந்திருக்கமாட்டாள். நானும் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அவள் நிறத்தில் நோய் இல்லை. நோய் புகைப்படத்தைப் பார்த்தவர்களின் கண்ணில் இருந்தது. அதற்குரிய சிகிச்சையை அவள் கன்னத்திற் செய்யலாமா என்பது எந்த மருத்துவ பீடத்தின் வினாத்தாளிலும் ஐந்து புள்ளிக்கேனும் கேட்கப்படுகின்றதா என்று கேட்க விரும்புகின்றேன். விரும்பி வந்தவளைத் திருப்பியனுப்புதல் மருத்துவர்க்கு நட்டம், போட்டியாளர்க்கு இலாபம். ஆயினும் "பிள்ளை, உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, வீட்டை போம்" என்று சொல்லும் துணிவும் ஒரு தேர்ச்சியே. தோலுக்கும் தோற்றவர் மனத்துக்கும் உள்ள உறவைக் கற்ற தோல் மருத்துவர் பலர் அவ்வாறு சொல்லித் திருப்பியனுப்புவதுண்டு. அவர்கள் பெயரை எந்த விளம்பரப் பலகையிலும் காண இயலாது.

அம்மாணவி அரசாங்க வைத்தியசாலைத் தோற்பிரிவுக்குச் சென்றாள். எல்லாவற்றையும் நிறுத்துமாறும், வெயிலிற் குடை பிடிக்குமாறும், சிமிழைக் கொண்டுவந்து காட்டுமாறும் அங்குச் சொன்னார்கள். சிமிழை அவளுடைய தாய் அதற்குள் கிணற்றடியில் எறிந்துவிட்டார். முறைப்பாடு எழுத என்னிடம் உதவி கேட்டிருந்தாள். இருவரும் ஒரு பின்னேரம் இருந்து எழுதினோம். மருத்துவச் சபைக்கு எழுதலாமெனின், சிகிச்சை செய்தவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்பது அவளுக்குத் தெரியாது. சுவரிலிருந்த பத்திரங்களில் முத்திரையின் நிறம் நினைவிருந்தது, வழங்கியவரின் பெயர் நினைவிலில்லை. பெறுநர் என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் கீழே எழுதிக்கொண்டு போனோம். கையெழுத்திடும் வேளையில் அவள் பேனாவை வைத்துவிட்டு, கலியாணம் முடிந்த பிறகு பார்ப்போம் சேர் என்றாள். கலியாணம் முடிந்து அவள் இப்பொழுது ரொறன்ரோவில் இருக்கின்றாள். கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது.